பேய் வர முதல் மோட்டரைக் கவனியுங்கோ: வீட்டுத் திகில் படம் எடுப்பவர்கள் விடும் பிழைகள்

எங்களுடைய முதல் குறும்படத்தைத் திருகோணமலை உவர்மலையில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் எடுத்தோம். இருபத்திரண்டு நிமிடம். முதல் ஷொட்டிலேயே நீல வெளிச்சம், தானாக ஆடும் யன்னல், கீச்சிடும் வயலின். நண்பன் வீட்டு விறாந்தையில் போட்டுக் காட்டினபோது அவனுடைய பெரியம்மா மூன்றாவது நிமிடத்தில் எழும்பினா. "பேய் வரப்போகுதெண்டு விளங்குது தம்பி. வந்தாப் பிறகு கூப்பிடு, நான் புட்டை அவிச்சுப்போட்டு வாறன்" என்று சொல்லிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டா. பேய் பதினேழாவது நிமிடத்தில் வந்தது. நாங்கள் அவவைக் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு ஊர்ப் பெடியள் எடுத்த சில படங்களுக்கு ஒலி பார்த்தும் எடிட்டிங்கில் கூட இருந்தும் கொடுத்திருக்கிறேன். பிழை ஏறக்குறைய ஒன்றுதான், வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும். ஒரு குடும்பத்தின் அன்றாடம் குலைவதுதான் கதை என்கிறார்கள். குலைவதற்கு முதல் அந்த அன்றாடம் எப்படி இருந்தது என்று ஒரு நிமிடம்கூடக் காட்டுவதில்லை. தொடங்கும்போதே இழவு வீடு மாதிரி இருக்கிற வீட்டில் என்ன நடந்தாலும் யாருக்கு உறைக்கும்?

1919 இல் உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் பிராய்ட் இந்த வகை அச்சத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட ஜெர்மன் சொல் 'உன்ஹைம்லிஷ்'. அதன் நடுவில் இருக்கும் 'ஹைம்' என்றால் வீடு. பழகிய ஒன்று பழகாததாக மாறும்போது வரும் கூச்சத்தைத்தான் அவர் பேசினார். பழக்கம் முதலில், கூச்சம் பிறகு. எங்கள் படத்தில் வரிசை தலைகீழாகக் கிடந்தது.

சரி, பழக்கத்தை எப்படிக் காட்டுவது? 'சந்தோசமான குடும்பம்' என்று சொல்லி எல்லாரும் மேசையைச் சுற்றியிருந்து சிரிக்கிற காட்சி வைப்பார்கள். அது விளம்பரம். வீடு என்பது அதன் சின்னச் சின்ன ஒழுங்குகள்: எந்தக் கதிரையில் யார் இருப்பார், கேற்றுக் கொண்டியைக் கடைசியாக யார் போடுவது, விடிய முதல் கேட்கும் சத்தம் எது. எங்கள் ஊரில் கிணறு உள்ள வீடுகளில் அந்தச் சத்தம் பெரும்பாலும் தண்ணி மோட்டர்தான். சுவிட்சைப் போட்டவுடன் குசினி பல்ப் ஒரு கணம் மங்கி மீளும். மோட்டர் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அந்த நொடியில் வயரில் மின்னழுத்தம் குறையும். பிறகு கூரையில் ராங்கி நிரம்பும். நிரம்பினதும் வழிகிற குழாயால் தண்ணி சீமெந்தில் விழும். உள்ளே இருந்து அம்மா, "எடேய், மோட்டரை நிப்பாட்டு!" என்று கத்துவா.

இதை முதல் எட்டு நிமிடத்துக்குள் மூன்று தரம் காட்டுங்கள். ஒரு பின்னணி இசையும் வேண்டாம். ஒருநாள் அம்மா போடுகிறா, ஒருநாள் மகள் போட்டுவிட்டு மறந்துபோகிறாள், ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டி, "பிள்ளை, தண்ணி வழியுது" என்கிறார். பார்க்கிறவருக்கு இது கதை என்றே தெரியாது. பிறகு ஓர் இரவு. புருசன் கட்டாரில். அவளும் குழந்தையும் மட்டும். அறைக்குள் பல்ப் ஒரு கணம் மங்கி மீள்கிறது. அவ்வளவுதான். யாரும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. பார்ப்பவர் எல்லாருமே மனதுக்குள் ஆளெண்ணத் தொடங்கிவிடுவார்கள். கால் மணி நேரத்தில் தண்ணி வழியும் என்றும் அவர்களுக்குத் தெரியும். சுவிட்சோ குசினியின் பின்சுவரில். அவள் அங்கே நடந்து போயே ஆக வேண்டும்.

இந்த வித்தை என்னுடையது இல்லை. 1944 இல் வந்த 'காஸ்லைட்' படத்தில் புருசன் ஒளித்து மேல்மாடத்துக்குப் போய் அங்கே காஸ் விளக்கை ஏற்றுவான். கீழே மனைவியின் அறை விளக்கு மங்கும். அவள் கண்டதைச் சொன்னால், உனக்குத்தான் மனம் பிசகுகிறது என்பான். காஸ் விளக்கோடு வாழ்ந்த வீட்டில் அந்த மங்கலுக்குக் காரணம் உண்டு. நாங்கள் காரணத்தை விட்டுவிட்டு மங்கலை மட்டும் கடன் வாங்குகிறோம். லைற் நாலு தரம் வெட்டி வெட்டி எரிந்தால் எங்கள் சனம் பயப்படாது. கரண்ட் போகப்போகுது என்று ரோர்ச்சைத் தேடும்.

சத்தத்தில் விடும் பிழைகள்தான் ஆகக் கூட. கச்சான் என்கிற தென்மேல் பருவக்காற்று அடிக்கிற மே முதல் செப்ரெம்பர் வரை திருமலையில், அதாவது எங்கள் திருகோணமலையில், கதவு தானாக அடிப்பது செய்தியே இல்லை. அதற்கென்றே ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்கு முண்டு கொடுக்க ஒரு கல் கிடக்கும். அந்த மாதங்களில் எடுத்த படத்தில் கதவு படாரென்று அடிக்க, கதாநாயகி வீரிட்டுக் கத்தினால், பார்க்கிறவர் "கல்லை வையன்" என்பார். அதே வீட்டில் கல் நேற்று வைத்த இடத்தில் இல்லை என்றால்? கச்சான் திடீரென்று நின்று, அதற்குப் பிறகு கதவு மெல்ல அசைந்தால்? கச்சானின் இரைச்சலை மைக்கிலிருந்து ஒதுக்கத்தான் எல்லாரும் பாடுபடுகிறோம். அது ஓயும் இடத்தைப் படத்துக்குள் வைக்க யாரும் நினைப்பதில்லை.

மான்களும் அப்படித்தான். பிரெட்ரிக் கோட்டைக்குள் மட்டுமில்லை, ரவுணிலும் மான் திரியும். இரவில் குப்பையைக் கிளறும், றோட்டில் குளம்பு தட்டும். வெளியூர்க்காரர் முதல் இரவு திடுக்கிட்டு எழும்புவார். எங்களுக்கு அது தாலாட்டு. அதனால் மானின் காலடியைப் பேயின் காலடியாக மாற்றி ஏமாற்றப் பார்க்காதீர்கள், உடனே பிடித்துவிடுவார்கள். முதலில் அதை மானாகவே விடுங்கள். இரண்டு இரவு வெளியே தட்டட்டும். மூன்றாம் இரவு அதே தட்டல் தார் றோட்டில் இல்லாமல் உள்வீட்டுச் சீமெந்தில் கேட்கட்டும். தார் ஒரு மாதிரி ஒலிக்கும், சீமெந்து இன்னொரு மாதிரி. இந்த வித்தியாசத்தைப் பதிய விலை கூடின கருவி ஒன்றும் தேவையில்லை. போனும் பொறுமையும் போதும்.

நடுச்சாமக் காட்சிக்குக் கோயில் மணியை அடிப்பதும் வழக்கமாகிவிட்டது. எந்தக் கோயிலில் ஐயா இரவு இரண்டு மணிக்கு மணி அடிக்கிறார்கள்? இந்த ஊரில் சனத்தின் மணிக்கூடு கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும்தான். கிண்ணியாவில் ஒரு வீட்டை வைத்துக் கதை சொன்னால் நாள் முழுவதும் ஐந்து பாங்குகளால் பிரிந்து நிற்கும். இரண்டு பாங்குக்கு இடையில் எவ்வளவு நேரம் போகும் என்று பார்ப்பவருக்குத் தெரியும். அந்த நேரம் காணாமல் போனால் அவருக்கே தட்டுப்படும்.

திடுக்கிட வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒருதரம் வேலை செய்யும். திரும்பத் திரும்பச் செய்தால் உடம்பு பழகிவிடும்.

வீட்டுக்குள் கமராவை எங்கே வைப்பது? எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற அவதியை விடுங்கள். 1968 இல் வந்த 'ரோஸ்மரிஸ் பேபி'யில் ஒரு கிழவி அறைக்குள் இருந்து போன் கதைப்பா. கதவு நிலை அவவைப் பாதி மறைக்கும். தியேட்டரில் இருந்தவர்கள் எட்டிப் பார்ப்பதற்குத் தலையைச் சரித்தார்களாம். ஒளிப்பதிவாளர் வில்லியம் பிரேக்கர் பின்னாளில் சொன்ன கதை இது. எங்கள் வீடுகளில் அதைவிட நல்ல சாமான் தொங்குகிறது: கதவுச் சீலை. அறை வாசலில் தொங்கும் அந்தச் சீலை நிலத்திலிருந்து ஒரு சாண் மேலே நின்றுவிடும். கீழால் கால் மட்டும் தெரியும். யாருடைய கால் எது என்று வீட்டாருக்குத் தெரியும். இதுக்கு மேல் என்ன கிராபிக்ஸ்?

கோணேசர் கோயிலையும் சுவாமி மலையையும் ட்ரோனில் சுற்றிக் காட்டாமல் திருமலைப் படம் தொடங்கக்கூடாது என்று யாரோ சட்டம் போட்டமாதிரி எல்லாரும் நடக்கிறார்கள். ட்ரோனுக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. துறைமுகப் பக்கம் கடற்படை. இவ்வளவு அலைச்சலும் கதையோடு ஒட்டாத பத்து செக்கனுக்கு. கதை நடப்பது குசினியில்.

பேச்சு. இந்தியப் படங்களைப் பார்த்துப் பார்த்து எங்கள் கதாநாயகிகளும் "என்னங்க, எனக்குப் பயமா இருக்குங்க" என்கிறார்கள். திருமலையில் எந்த மனிசி அப்படிக் கதைக்கிறா? புருசனும் பெண்சாதியும் ஒருவரை ஒருவர் கூப்பிடுகிற "இஞ்சரப்பா" என்று குசினியிலிருந்து ஒரு குரல் வந்தால் அது ஆருடையது, கோபமா கொஞ்சலா என்றெல்லாம் எங்களுக்குப் பிடிபடும். வெளிநாட்டில் இருக்கிற புருசனை நினைத்துக்கொண்டு தனியே இருப்பவளுக்கு, வெளியிலிருந்து ஆண் குரலில் ஒரு "இஞ்சரப்பா" கேட்டால் போதும், வேறு வசனமே எழுத வேண்டாம்.

அமுக்குவான் பேயைப் படமாக்கும்போது எல்லாரும் ஒரே பிழை விடுகிறார்கள்: அமுக்குப்பட்டவர் கை காலை உதறிக் கத்துகிறார். உண்மையில் நடப்பது அதற்கு எதிர்மாறு. கனவு காணும் தூக்கத்தில் உடம்பின் தசைகள் தளர்ந்து கட்டுண்டு கிடக்கும். அந்தக் கட்டு அவிழ முதல் விழிப்பு வந்துவிட்டால் ஆள் கிடந்தபடி கிடப்பார். நெஞ்சில் பாரம், அறைக்குள் யாரோ நிற்பதுபோல ஒரு எண்ணம். குரல் வராது. கண் மட்டும் அசையும். ஆகவே கமராவையும் அசைக்காதீர்கள். மின்விசிறி சுற்றட்டும், கண் அசையட்டும். நடிகை வேர்த்துக்கொண்டு அப்படியே கிடக்கட்டும். ஒரு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று பார்ப்பவர் அப்போது அறிவார்.

'கடைசியில் எல்லாம் அவளுக்கு வந்த மனநோய்' என்று முடிப்பதை நான் வெறுக்கிறேன். வெள்ளைச் சட்டை போட்ட வைத்தியர் ஒருவர் வந்து கதிரையில் இருந்து முழுக் கதையையும் விளங்கப்படுத்துவார். இரண்டு வகையில் இது கெட்ட வேலை. நோயோடு வாழ்கிறவர்களைக் கொலைகாரராகக் காட்டிப் பக்கத்து வீட்டுக்காரரை அவர்களிடமிருந்து இன்னும் விலக்குகிறது. கதையாகவும் அது தோற்கிறது. அவளுடைய கண்ணால் ஒரு மணித்தியாலம் பார்த்தவனை அவளுக்கு எதிராகத் திருப்பிவிடுகிறது. அவள் சரியாகத்தான் கண்டாள், வீட்டில் ஒருவரும் நம்பவில்லை என்பதல்லவா இந்த வகைப் படத்தின் உயிர்?

குழந்தை நடிகரை உண்மையாகவே பயப்படுத்தி அழவைத்து ஷொட் எடுத்ததைப் பெருமையாகச் சொன்ன ஒருவரோடு நான் பிறகு வேலை செய்யவில்லை. 'தி ஷைனிங்' எடுத்தபோது அதில் நடித்த சிறுவனுக்கு, தான் நடிப்பது திகில் படம் என்றே தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். எடிட்டிங் என்று ஒன்று எதற்கு இருக்கிறது?

இனி, எழுதக் கையில் தயக்கம் வருகிற இடம். எங்கள் வீடுகளின் ஹோல் சுவரில் படங்கள் தொங்கும். செத்தவருக்கு மாலை, சின்ன பல்ப். 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு கரையோர வீடுகளில் ஒரே சுவரில் இரண்டு மூன்று மாலைகள் கூடின. இன்னொரு வகைப் படமும் உண்டு: மாலை போடாத படம். யுத்த காலத்தில் காணாமல் ஆக்கப்பட்ட மகனுடையது. மாலை போட்டால் ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று தாய் விடமாட்டா. ஒரு தம்பி கொண்டுவந்த கதையில் அந்த மகன்தான் கடைசியில் பேயாக வந்தான். நல்ல பெடியன், நல்ல கமராக் கண். ஆனால் அந்த முடிவைப் பார்க்கும் தாய் ஒருத்தி, இவ்வளவு காலமும் தான் மறுத்துவந்த மாலையை நாங்களே கொண்டுபோய்ப் போட்டதாக நினைப்பா. அதை அவனுக்குச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தான். புதிய கதையில் மகன் வரவில்லை. காலமை தாய் எழும்பிவரும்போது அந்தப் படத்தில் ஒரு மாலை கிடக்கிறது. வீட்டில் மற்ற மூன்று பேரும் தாங்கள் போடவில்லை என்கிறார்கள். அவ ஒவ்வொருவருடைய முகத்தையும் பார்க்கிறா. வாசித்துப்போட்டு நான் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. அங்கே பேய் இல்லை. யாரோ ஒருவர் நம்பிக்கையை விட்டுவிட்டார், யார் என்று தெரியவில்லை. இந்த ஊரில் அதைவிடப் பயங்கரமானது எது?

எங்கள் முதல் படத்தை மோட்டர்க் கதையாக்கிப் போன வருசம் திரும்ப எடுத்தோம். முடிவு இரண்டு எடுத்து வைத்திருந்தோம். ஒன்றில் மச்சான்காரன் பின்பக்கத்தால் வந்துபோனது, ஏன் வந்தான், காணி உறுதி எங்கே இருந்தது என்று மூன்று நிமிடம் விளக்கம். மற்றதில் அவள் இருட்டுக்குள் குசினியை நோக்கி நடக்கிறாள், தண்ணி வழிந்துகொண்டிருக்கிறது, அவள் சுவிட்சைத் தொடப் பத்தடி இருக்கும்போது வழிவது நிற்கிறது. விளக்கத்தை வெட்டி எறிந்தோம்.

அதே விறாந்தை, அதே பெரியம்மா. இந்த முறை எழும்பவில்லை. பெயர்கள் ஓடி முடிந்த பிறகும் கதிரையில் இருந்தபடியே கேட்டா: "அப்ப மோட்டரை ஆர் தம்பி நிப்பாட்டினது?"

நான் சொல்லவில்லை. அவ கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மகனைக் கூப்பிட்டா. "எடேய், ஒருக்காப் போய் குசினி லைற்றைப் போட்டுவிடு. நான் தேத்தண்ணி வைக்க வேணும்."