நெல் வயலில் மீன் விடும் முன்: கன உலோகத்தைச் சோதிக்கும் முறை, படிப்படியாக

"மீன் துள்ளி விளையாடுது, அப்போ தண்ணி சுத்தம்தானே?" நெல்லோடு மீன் வளர்க்கத் தொடங்குகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. பூச்சிமருந்தைப் பொறுத்தவரை ஓரளவு சரி. கடும் மருந்து வயலில் கலந்தால் மீன் செத்து மிதந்து காட்டிக்கொடுத்துவிடும். காட்மியம், ஈயம், ஆர்சனிக், பாதரசம், குரோமியம் போன்ற கன உலோகங்கள் அப்படியில்லை. குறைந்த அளவில் வந்தால் மீன் சாகாது, நெல்லும் வாடாது. உலோகம் மெதுவாகச் சேரும். மீனில் சேர்ந்தபின் வேகவைத்தாலும் வறுத்தாலும் போகாது.

ஜப்பானின் தோயாமா பகுதியில் ஜின்சு என்று ஓர் ஆறு. மேலே இருந்த கமியோகா சுரங்கத்தின் கழிவு அதில் கலந்தது. அந்த ஆற்று நீர் பாய்ந்த வயல்களின் அரிசி வழியாகக் காட்மியம் உடம்பில் ஏறி, பலருக்குச் சிறுநீரகம் கெட்டு எலும்பு முறிந்தது. வலி தாங்காமல் 'இதாய், இதாய்' (வலிக்குதே, வலிக்குதே) என்று அலறியதே நோய்க்குப் பெயரானது. 1968-இல்தான் ஜப்பான் அரசு அதை மாசினால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. அதனால்தான் முதலில் சோதனை, பிறகு மீனுக்குக் குழி என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

படி 1: வாய்க்காலோடு நடந்து பாருங்கள்

மடையில் நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. தண்ணீர் வரும் வழியிலேயே மேல்பக்கமாக நடந்து போங்கள். தோல் பதனிடும் இடம், சாயப்பட்டறை, முலாம் பூசும் பட்டறை, பழைய பேட்டரி உடைக்கும் கொட்டகை, குப்பைக் கிடங்கு இவற்றில் ஏதாவது வழியில் இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பாலாற்றங்கரையில் இருப்பவர்கள் குரோமியத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அங்கத்திய தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்பு சொல்லிவிட்டது. ஆனால் மண்ணில் இறங்கிய உலோகம் தீர்ப்பைக் கேட்டு வெளியேறாது. திருப்பூர்ச் சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றின் பாசனக்காரர்களும் சோதிக்காமல் இறங்க வேண்டாம்.

படி 2: மாதிரி எடுத்தல்

இதில்தான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். முதல் தடவை மண்ணை வீட்டிலிருந்த தகர வாளியில் சேகரித்து அனுப்பினேன். முடிவில் துத்தநாகம் எகிறியிருந்தது. தகர வாளியின் மேல்பூச்சே துத்தநாகம்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது. பிளாஸ்டிக் வாளியில் மறுபடி எடுத்து அனுப்பினேன். அளவு சரியாக வந்தது.

முறை இதுதான். வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து எட்டுப் பத்து இடங்களைத் தேர்ந்தெடுங்கள். வரப்போரம், எருக்குவியல் இருந்த இடம், மர நிழல் வேண்டாம். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, ஆங்கில 'வி' எழுத்து மாதிரி அரை அடி ஆழத்துக்கு வெட்டுங்கள். மண்வெட்டி பட்ட பக்கத்து மண்ணை மூங்கில் பட்டையால் சுரண்டித் தள்ளிவிட்டு, உள்பக்க மண்ணை மேலிருந்து கீழ்வரை அதே பட்டையால் ஒரே சீராகச் சீவி எடுங்கள். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தாளில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளுங்கள். அரைக் கிலோ ஆகும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். நிழலில் உலர்த்திப் பையில் போடுங்கள். மடை வாயில் படிந்திருக்கும் வண்டலைத் தனி மாதிரியாக எடுங்கள். உலோகம் பெரும்பாலும் வண்டலோடு ஒட்டிக்கொண்டுதான் பயணம் செய்யும்.

தண்ணீருக்குப் புது பிளாஸ்டிக் பாட்டில். அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். உலோகம் பாட்டிலின் சுவரில் ஒட்டாமலிருக்க நைட்ரிக் அமிலம் சேர்ப்பார்கள். அதை ஆய்வகத்தையே செய்யச் சொல்லுங்கள், நீங்கள் கையாள வேண்டாம்.

வழக்கமான மண் பரிசோதனை நிலையத்தில் பொதுவாகப் பேரூட்டம், நுண்ணூட்டம், கார அமில நிலை இவைதான் பார்ப்பார்கள். காட்மியம், ஈயம், ஆர்சனிக், குரோமியம், பாதரசம் என்று பெயர் சொல்லிக் கேட்டு, என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்குத் தரச்சான்று தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில் கொடுங்கள். செலவு கொஞ்சம் கூடத்தான். நாலு பேர் சேர்ந்து ஒரே வாய்க்கால் தண்ணீருக்கு ஒரே ஒரு மாதிரி கொடுத்தால் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம்.

படி 3: முடிவைப் படித்தல்

பாசன நீருக்கு ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு சொல்லும் அளவுகள்: லிட்டருக்குக் காட்மியம் 0.01 மில்லிகிராம், குரோமியம் 0.1, ஆர்சனிக் 0.1. இவை பயிருக்கான அளவுகள். மீன் இரவு பகலாக அதே தண்ணீரில் மூச்சுவிடுகிறது, ஆகவே இதற்கும் வெகுவாகக் கீழே இருந்தால்தான் நிம்மதி. தாண்டியிருந்தால் மீனை மறந்துவிடுங்கள். நெல்லைப் பற்றியும் வேளாண் அலுவலரிடம் பேசுங்கள்.

மண்ணின் கார அமில நிலையைக் காட்டும் பிஎச் எண் என்ன என்றும் பாருங்கள். மண் புளித்திருந்தால் காட்மியம் எளிதில் கரைந்து வேருக்குப் போகும். எண் 6-க்குக் கீழே என்றால் பரிந்துரைத்த அளவு சுண்ணாம்பு இட்டு, சில நாள் பொறுத்து அப்புறம் குஞ்சு விடுங்கள்.

படி 4: குழியும் மீனும்

வயலின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு, மூன்றடி ஆழம், வரப்போரமாகக் குழி. தண்ணீர் நேரே அதில் விழக்கூடாது. மடைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வண்டல் தொட்டி வெட்டி, அங்கே தங்கித் தெளிந்தபின் உள்ளே போகட்டும். தொட்டியில் சேரும் சேற்றை உரம் என்று வயலில் இறைக்காதீர்கள்.

சாதாக் கெண்டையும் மிர்காலும் அடிச்சேற்றைக் கிளறித் தின்னும். சேற்றில் என்ன இருக்கிறதோ அது அவற்றின் குடலுக்குள் போகும். முதல் ஆண்டு கட்லா, ரோகு விரலிகளோடு (விரல் நீளக் குஞ்சுகளோடு) நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 5: உரம்

மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரங்களில் பாறையிலிருந்தே காட்மியம் கொஞ்சம் வரும். தேவைக்கு மேல் போடாமலிருப்பதே வழி. நகரக் குப்பை உரம் வாங்கினால் ஆய்வு அறிக்கை கேளுங்கள்; அரசு விதிப்படி கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராமையும் ஈயம் 100 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது. பாசிக்கோ நத்தைக்கோ மயில்துத்தம் (செம்பு சல்பேட்) போடும் பழக்கம் இருந்தால் இந்த வயலில் அது வேண்டவே வேண்டாம். செம்பு மீனுக்கு நஞ்சு.

படி 6: காய்ச்சலும் பாய்ச்சலும்

நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது வயலைக் காயவிடுவதும் தண்ணீர் கட்டுவதும், வேண்டும் என்பார்கள். உலோக விஷயத்தில் இரண்டும் எதிரெதிர் திசையில் இழுக்கும். வயலில் தண்ணீர் நின்றால் சேற்றில் காற்று இல்லாமல் போய், காட்மியம் கந்தகத்தோடு கட்டுண்டு கிடக்கும். ஆனால் இரும்புத் துருவில் ஒட்டியிருந்த ஆர்சனிக் கரைந்து பயிருக்குக் கிடைக்கும். வயல் காய்ந்தால் ஆர்சனிக் அடங்கும், காட்மியம் அவிழ்ந்துகொள்ளும்.

மீன் இருந்தால் தண்ணீர் அதிக நாள் நிற்கும். ஆகவே காட்மியம் சற்றே இருக்கும் மண்ணுக்கு இது சாதகம், பால் பிடிக்கும் பருவத்தில் காயவிடாமல் இருந்தால். ஆர்சனிக் இருக்கும் மண்ணுக்கு இது பாதகம். அங்கே மீனைக் குழிக்குள் இறக்கி வயலை மட்டும் அவ்வப்போது காயவிடலாம். இரண்டும் இருந்தால் வேறு தொழில் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

படி 7: அறுவடைக்குப் பின்

விற்கும் முன் ஒரே அளவு மீன் ஐந்தாறும், ஒரு கிலோ அரிசியும் சோதனைக்குக் கொடுங்கள். மீனைப் பனிக்கட்டியில் வைத்துச் சதையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பன்னாட்டு உணவுத் தரமான கோடெக்ஸ் அளவு, கிலோவுக்கு: தீட்டிய அரிசியில் காட்மியம் 0.4 மில்லிகிராம், கனிம ஆர்சனிக் 0.2, மீனில் ஈயம் 0.3.

பிடித்த மீனை நல்ல தண்ணீரில் ஒரு நாள் விட்டால் சேற்று வாடை போகும், சதையில் சேர்ந்த உலோகம் போகாது. காட்மியமும் ஈயமும் செவுள், ஈரல், சிறுநீரகத்தில்தான் அதிகம் தங்கும். அவற்றைச் சுத்தமாக நீக்குங்கள், கோழிக்கும் போடாதீர்கள். பாதரசம் மட்டும் சதையிலேயே இருக்கும். அதை வெட்டி எறிய வழியில்லை.

அரிசியை நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்தால் ஆர்சனிக் நன்றாகவே குறையும், உலைத்தண்ணீர் சுத்தமாக இருந்தால். வடித்த கஞ்சியில்தான் அது இருக்கும் என்பதால் ஆர்சனிக் உள்ள ஊரில் அதைக் குடிக்க வேண்டாம். தவிட்டில் ஆர்சனிக் அதிகம், வைக்கோலில் அதைவிட அதிகம். சந்தேகம் வந்த வயலின் வைக்கோலை மாட்டுக்குப் போடும் முன் அதிலும் ஒரு பிடி எடுத்துச் சோதனைக்கு அனுப்புங்கள்.