நாற்காலி வேலையில் இருப்பவர் எடை குறைக்க: ஊக்கத்தையும் துணையையும் தேடிக்கொள்ளும் வழி

எடை குறைக்க வேண்டும் என்ற முடிவு பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை இரவில் எடுக்கப்படுகிறது. அது கலைவது புதன்கிழமை மாலை நாலரை மணிக்கு, அலுவலகத்தில் யாருக்கோ பிறந்தநாள் கேக் வெட்டும்போது, அல்லது பக்கத்து இருக்கைக்காரர் "வாங்க சார், ஒரு பஜ்ஜி சாப்பிட்டு வந்துடலாம்" என்று அழைக்கும்போது. சென்னைப் பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனமானாலும் மாவட்டத் தலைநகரின் வங்கிக் கிளையானாலும் காட்சி ஒன்றுதான். மனவுறுதி இல்லாததால் தோற்றுப்போனதாக முடிவெடுத்தவர் தன்னையே நொந்துகொள்வார். பதினைந்து ஆண்டுகளாகக் கணினி முன் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடில்லை. வேலை நேரம், வண்டிப் பயணம், கேன்டீன், வீட்டுச் சாப்பாடு எல்லாம் ஒரு பக்கம் இழுக்கும்போது, மறுபக்கம் அவர் ஒற்றை ஆளாக நிற்கிறார். மறுபக்கத்தில் இன்னும் இரண்டு மூன்று பேரை நிறுத்துவது எப்படி என்பதே இங்கே பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

முதலில் ஒரு வேலை நாளின் உட்காரும் நேரத்தைத் தாளில் எழுதிப் பாருங்கள். அலுவலகத்தில் எட்டு மணி நேரம், போக வர வண்டியில் இரண்டரை மணி நேரம், சாப்பாட்டுக்கும் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்குமாக மூன்று மணி நேரம் என்று கூட்டினால், விழித்திருக்கும் நேரத்தில் முக்கால் பங்குக்கு மேல் நாற்காலிக்கே போயிருக்கும். அமெரிக்காவின் மேயோ மருத்துவ மையத்தில் ஜேம்ஸ் லெவின் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாதவர்களையே எடுத்துக்கொண்டு, ஒல்லியானவர்களையும் பருமனானவர்களையும் ஒப்பிட்டார்கள். பருமனானவர்கள் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கூடுதலாக உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்களைப் போல எழுந்து நடமாடினால் அவர்களுக்கு நாளுக்குச் சுமார் 350 கலோரி வரை கூடுதலாகச் செலவாகும் என்று கணக்கிடப்பட்டது. ஜிம்முக்குப் போகாமலே இவ்வளவு வித்தியாசம் ஏற்படுகிறது என்பது நாற்காலி வேலைக்காரருக்குத் தெம்பூட்டும் செய்தி.

அடுத்து இலக்கு. இந்தியர்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் (BMI; கிலோ கணக்கிலான எடையை மீட்டர் கணக்கிலான உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவது) 23-ஐத் தொட்டாலே கூடுதல் எடை, 25-ஐத் தொட்டால் உடல்பருமன் என்று நம் நாட்டு மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள். 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு அது முறையே 66.5 கிலோ, 72 கிலோ என்று வரும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உள்ளே இருக்க வேண்டும். இந்த எண்களைப் பார்த்துவிட்டு இருபது கிலோ குறைப்பேன் என்று கிளம்ப வேண்டாம். இப்போதுள்ள எடையில் ஐந்து முதல் ஏழு விழுக்காடு குறைந்தாலே இரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் பலன் தெரியத் தொடங்குகிறது. 80 கிலோ உள்ளவருக்கு அது நான்கு முதல் ஐந்தரைக் கிலோதான். ஆறு மாதத்தில் அதை எட்ட முயலலாம். தொடங்குமுன் தைராய்டு, சர்க்கரை, இரத்த அழுத்தம் மூன்றையும் பரிசோதித்துக்கொள்வது அவசியம். இவற்றில் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

எடை மெஷின் ஊக்கத்துக்கு எதிரி என்பது என் எண்ணம். ஊறுகாயும் அப்பளமுமாகச் சாப்பிட்ட மறுநாள், உப்பு பிடித்துவைத்த நீரால் மட்டுமே ஒரு கிலோ கூடிக் காட்டும். பெண்களுக்கு மாதவிடாய் நாட்களையொட்டியும் அப்படியே. தினமும் ஏறி நின்று தினமும் மனம் உடைவதைவிட, வாரம் ஒருமுறை, அதே கிழமையில், காலைக்கடன் முடித்த பிறகு பார்த்தால் போதும். இடுப்பை ஒரு நூலால் அளந்து முடிச்சுப் போட்டு வைப்பது இன்னும் நல்லது. குழந்தையின் அரைஞாண் கயிறு இறுகுவதைப் பார்த்தே பிள்ளை தேறிவிட்டது என்று சொன்ன பாட்டிமார்களுக்கு இந்த அளவுகோல் புதிதன்று.

ஊக்கம் எதிலிருந்து வருகிறது என்பதில் ஒரு தெளிவு வேண்டும். 'ஆரோக்கியத்துக்காக' என்பது எல்லோருக்கும் பொதுவான காரணம். ஆகையால் அது யாரையும் காலை ஐந்தரைக்கு எழுப்புவதில்லை. அப்பா நாற்பத்தெட்டு வயதில் இன்சுலின் போட்டுக்கொள்ளத் தொடங்கியது, மெட்ரோ நிலையப் படிக்கட்டில் பாதியில் நின்று மூச்சு வாங்கியது, மகள் ஓடிப் பிடிக்க அழைத்தபோது கைப்பேசியைக் கையில் கொடுத்துச் சமாளித்தது என, உங்களுக்கு மட்டுமே உறைக்கிற ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதி வையுங்கள். பிறகு அந்தக் காரணத்தை ஒரு நேரத்தோடும் இடத்தோடும் கட்டிப்போட வேண்டும். 'இது நடந்தவுடன் அதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவுசெய்பவர்கள் சொன்னதைச் செய்து முடிப்பது அதிகம் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் விளக்கியிருக்கிறார். 'நிறைய நடப்பேன்' என்பது வெறும் ஆசை. 'மதியம் டிபன் பாக்ஸைக் கழுவியதும் இருக்கைக்குத் திரும்பாமல் கட்டடத்தை இரண்டு சுற்றுச் சுற்றுவேன்' என்பதில்தான் எப்போது, எங்கே என்ற இரண்டும் இருக்கின்றன. இப்படிப்பட்ட ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாவதற்கு எத்தனை நாளாகும் என்று லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் ஆராய்ந்தபோது சராசரியாக 66 நாள் என்று வந்தது. ஆளையும் செயலையும் பொறுத்து அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. இருபத்தொரு நாளில் எல்லாம் மாறிவிடும் என்ற பேச்சை நம்பி இருபத்திரண்டாம் நாள் சோர்ந்துபோகாதீர்கள்.

இனி ஆள் சேர்ப்பது. இதில் வீடுதான் கடினமான களம், ஏனென்றால் நம் வீடுகளில் அன்பு இரண்டாம் முறை பரிமாறும் கரண்டியில்தான் வருகிறது. "நான் டயட்டில் இருக்கிறேன்" என்று அறிவித்தால், அம்மாவுக்கு அது தன் சமையலின் மீதான குறையாகவே கேட்கும்; இரண்டாம் நாள் "இளைச்சுட்டியேப்பா" என்று தட்டில் இன்னொரு தோசை விழும். அதைவிட, அவர் செய்யக்கூடிய ஒன்றைக் கேளுங்கள்: "அம்மா, ராத்திரிக்குச் சாதம் ஒரு கரண்டி போதும், கூட்டும் பொரியலும் ரெண்டு மடங்கா வைங்க." சமையல் குறைவாக மதிக்கப்படவில்லை, வேறு பங்கில் கேட்கப்படுகிறது என்று அவருக்குப் புரியும். டாக்டர் சொன்னார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். அந்த ஒரு சொல்லுக்கு நம் வீடுகளில் உள்ள மதிப்பு வேறெதற்கும் இல்லை.

நாற்காலி வேலை பார்க்கும் பெண்களின் நிலைமை வேறு. காலையில் மூன்று டிபன் பாக்ஸ் கட்டிவிட்டு வண்டியைப் பிடித்து, மாலையில் வந்ததும் அடுப்பங்கரைக்குள் நுழைகிறவரிடம் 'தினமும் நாற்பது நிமிடம் நடங்கள்' என்று சொல்வது அறிவுரையே ஆகாது. அவருக்கு வேண்டிய ஆதரவு நேரம். கணவர் வாரத்தில் நான்கு காலைகள் அடுப்பை ஏற்றுக்கொண்டால் அந்த நாற்பது நிமிடம் கிடைக்கும். "நீ நடம்மா, உடம்பைப் பார்த்துக்கோ" என்று வாயால் சொல்வதால் கிடைக்காது. எந்தெந்தக் கிழமை யார் சமைப்பது என்று குளிர்பதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டுவதற்கு வெட்கப்பட வேண்டாம். வாய்ப்பேச்சு ஏற்பாடு மூன்றாம் நாளே மறந்துபோகும்.

அலுவலகத்தில் ஒரே ஓர் ஆள் போதும். நண்பராகக்கூட இருக்க வேண்டியதில்லை. உங்கள் தேநீர் நேரமும் அவருடைய தேநீர் நேரமும் ஒன்றாக இருந்தால் சரி. 'எனக்குத் துணையாக இருங்கள்' என்று பொதுவாகக் கேட்காமல், 'நாலேகாலுக்கு என் இருக்கைக்கு வந்து கூப்பிடுங்கள், கீழே போய்ப் பத்து நிமிடம் நடந்துவிட்டுத் தேநீர் குடிக்கலாம்' என்று கேளுங்கள். தேநீருக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரை என்றால் சுமார் பத்து கிராம், நாற்பது கலோரி. நாளுக்கு நான்கு தேநீர் குடிப்பவர் சர்க்கரையிலேயே 160 கலோரியை விழுங்குகிறார். இருவருமாகச் சர்க்கரையைப் பாதியாக்கிக்கொண்டால், ஒருவர் முகத்துக்காக மற்றவர் தாங்குவார். தொலைபேசி அழைப்புகளை நின்றுகொண்டோ நடந்துகொண்டோ பேசுவது, தண்ணீர் பாட்டிலைச் சிறியதாக வைத்துக்கொண்டு அடிக்கடி எழுவது போன்றவை எல்லோரும் அறிந்தவையே. மனிதவளத் துறை நடத்தும் மூன்று மாத எடைக் குறைப்புப் போட்டிகளில் எனக்கு நம்பிக்கையில்லை. பரிசுக்காகக் கடைசி வாரம் பட்டினி கிடந்து நீரை இழந்தவர்கள், அடுத்த தீபாவளிக்குள் பழைய எடைக்கே திரும்பியதைத்தான் பார்த்திருக்கிறேன்.

தொலைவிலிருந்து வரும் ஆதரவையும் குறைத்து எண்ண வேண்டாம். சென்னையைச் சேர்ந்த டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த, வேலைக்குச் செல்லும் ஆண்கள் 537 பேரை இரண்டு ஆண்டுகள் கண்காணித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. எல்லோருக்கும் தொடக்கத்தில் அறிவுரை தரப்பட்டது. ஒரு பாதியினருக்கு மட்டும் உணவையும் நடையையும் நினைவூட்டும் குறுஞ்செய்திகள் தொடர்ந்து அனுப்பப்பட்டன. செய்தி பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும், பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் சர்க்கரை நோய் வந்தது. அது எடையை அளக்க நடத்தப்பட்ட ஆய்வன்று. ஆனாலும் யாரோ நினைவூட்டிக்கொண்டே இருப்பதன் மதிப்பை அதிலிருந்து அறியலாம்.

எனவே நான்கைந்து பேர் கொண்ட வாட்ஸ்அப் குழு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். காலை வணக்கப் படங்களும் மூலிகைக் கஷாயச் செய்திகளும் அதில் வரக்கூடாது. அன்று செய்ததை மட்டும், செய்யாததையும் சேர்த்து, ஒரு வரியில் எழுத வேண்டும். செய்யாததைச் சொல்ல இடமிருப்பது முக்கியம். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த ஜீன் நைடெட்ச் என்ற பெண்மணி, நகரச் சுகாதாரத் துறையின் மருத்துவ மையம் கொடுத்த உணவுத் திட்டத்தில் இருந்துகொண்டே ஒளித்துவைத்து பிஸ்கட் தின்பதை யாரிடமும் சொல்ல முடியாமல், 1961-இல் சில தோழிகளை வீட்டுக்கு அழைத்து அதை ஒப்புக்கொண்டார். அந்த வாராந்தரக் கூடுகையே 1963-இல் வெயிட் வாட்சர்ஸ் என்ற எடைக் குறைப்பு நிறுவனமாக வளர்ந்தது.

விடுமுறை நாளில் கூட்டமாக நடக்க விரும்புவோர் தமிழ்நாடு அரசு 2023-இல் மாவட்டந்தோறும் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' நடைபாதைகளைத் தேடிப் போகலாம். அவை எட்டு கிலோமீட்டர் நீளமுள்ளவை, புதியவர்கள் பாதியில் திரும்புவதில் தவறில்லை. இரவுப் பணியில் இருப்பவர்கள் நடையைவிடத் தூக்கத்தை முதலில் சரிசெய்ய வேண்டும். தூக்கம் குறைந்தால் பசி கூடும். முழங்கால் வலி, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, சர்க்கரை மாத்திரை உள்ளவர்கள் தகுதிபெற்ற உணவியல் வல்லுநரைப் பார்க்கட்டும். ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டு சத்துமாவு டப்பா விற்க வரும் தெரிந்தவரிடம் மட்டும் துணை கேட்காதீர்கள். உங்கள் எடை குறைவதைவிட உங்கள் மாத ஆர்டர்தான் அவருக்கு முக்கியம்.

கல்யாணமும் பொங்கலும் அலுவலக நெருக்கடியும் வரும். ஒரு வாரம் எல்லாம் குலையும். குலைந்த பிறகு குழுவில் பேசாமல் ஒதுங்கிவிடுவதுதான் பலரும் செய்வது. இதற்குத் தொடக்கத்திலேயே ஒரு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: ஒருவர் மூன்று நாள் எதுவும் எழுதாவிட்டால் மற்றவர்களில் ஒருவர் அவரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும், ஏன் வரவில்லை என்று கேட்கக்கூடாது, "நாளைக்குக் காலை ஆறேகாலுக்குப் பூங்கா வாசலில் நிற்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும்.