கருமருந்துத் துப்பாக்கிக்குப் பிள்ளைகளைப் பழக்குவது எப்படி?

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துக்கு நான் குடிவந்த இரண்டாம் வருடம், பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னை ஃப்ரெண்ட்ஷிப் என்ற சிற்றூருக்கு அழைத்துப் போனார். 1933-இல் தொடங்கிய தேசிய மஸில்லோடிங் ரைஃபிள் சங்கத்தின் களம் அங்கேதான். மஸில்லோடிங் என்றால் குழலின் வாய் வழியாகவே மருந்தையும் குண்டையும் போடும் பழைய வகை. முதல் வெடியின் புகை முகத்தில் அடித்ததும் எனக்குத் தீபாவளி விடியல் நினைவுக்கு வந்தது. வெடியுப்பு, கரி, கந்தகம்: கருமருந்திலும் அதே மூன்றுதான். சின்ன வயதில் நரிக்குறவர் தோளில் பார்த்த நீளக்குழல் துப்பாக்கியும் இந்த இனம்தான்.

இளையவர்களை இழுக்க நினைப்பவர்கள் முதலில் வரலாற்றுப் பாடம் எடுக்கிறார்கள். வேண்டாம். மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கும் வேலையை அவர்கள் கையில் கொடுங்கள். நீங்களே கெட்டித்துச் சுட மட்டும் கொடுத்தால், பிள்ளைக்கு மிஞ்சுவது ஒரு சத்தம்தான்.

குடுவையிலிருந்து மருந்தை நேராகக் குழலில் கொட்டவே கூடாது. உள்ளே ஒரு கனல் மிச்சமிருந்தால் குடுவையே கையில் வெடிக்கும். அளவுகுப்பியில் எடுத்து ஊற்றி, குடுவையை மூடித் தள்ளி வைக்க வேண்டும். அரை அங்குல உள்விட்டக் குழலுக்குப் புதியவர்களுக்கு 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம், தாராளம். ஒரு நண்பரின் மகனுக்கு ஆரம்பத்திலேயே இதைப்போல இரு மடங்கு போட்டுக் கொடுத்தேன். தோளைத் தேய்த்துக்கொண்டே போனவன் பிறகு வரவில்லை. இன்றும் எனக்கு அது வருத்தம்.

மருந்துக்குமேல், எண்ணெய் தடவிய பருத்தித் துணியில் ஈயக்குண்டைப் பொதிந்து, கோலால் அடிவரை தள்ளுங்கள். முகம் குழல்வாய்க்கு மேலே வரக்கூடாது. சரியாகக் கெட்டித்தபோது கோல் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு கோடு கீறி வையுங்கள். கோடு வாய்க்கு மேலே நின்றால் குண்டு மருந்தில் உட்காரவில்லை என்று பொருள். அப்படியே சுட்டால் குழல் பிளக்கலாம். நவீனப் புகையில்லா மருந்து ஒரு சிட்டிகைகூட உள்ளே போகக்கூடாது.

சுத்தி அடித்ததும் பொறி தெறித்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன உலோக மூடிதான் ‘கேப்’. அதைக் கடைசியில், இலக்கை நோக்கி நின்ற பிறகே வைக்க வேண்டும். சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி அப்புறம் ஆகட்டும். கண்ணருகே பொறி பறப்பதால் புதியவர்கள் கண்ணை மூடிவிடுவார்கள். எதுவானாலும் கண்ணாடியும் காதடைப்பும் கட்டாயம். வெடிக்காவிட்டால் ஒரு நிமிடமாவது குழலை இலக்கைவிட்டுத் திருப்பாதீர்கள்.

காகித இலக்கு பிள்ளைகளுக்குச் சீக்கிரம் சலிக்கும். ஒரு கோடரியைக் கூர்முனை நம்மைப் பார்க்க நிறுத்தி, இரு பக்கமும் களிமண் தட்டு வையுங்கள். குண்டு கூரில் பட்டு இரண்டாகி இரு தட்டும் நொறுங்கும். என் மகள் அதற்காகவே மூன்று சனிக்கிழமை வந்தாள்.

துடைப்பதையும் அவர்களே செய்யட்டும், அன்றைக்கே. கருமருந்துக் கசடு ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். சோப்புப் போட்ட வெந்நீர் போதும். முதல் தண்ணீர் மையாக இறங்கும், நாலைந்து தடவையில் தெளியும். கடைசித் தண்ணீர் நல்ல சூடாக இருந்தால் குழல் தானே காயும், பிறகு எண்ணெய்.

போன மாதம் மகள் தன் தோழியைக் கூட்டிவந்தாள். கோலில் இருந்த கோட்டை அந்தப் பெண்ணுக்குக் காட்டி விளக்கியது அவள்தான். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.