பழைய பச்சை அட்டைப் புத்தகம் கையில் கிடைத்தால்

பழைய புத்தகங்களுக்கு பைண்டிங் சரிசெய்வது என் தொழில். தாத்தாவின் அலமாரியைக் காலி செய்பவர்கள் கொண்டுவரும் மூட்டையில் எப்போதாவது பளீரென்ற பச்சைத் துணி அட்டையும் பொன் எழுத்துமாக ஒரு ஆங்கிலப் புத்தகம் இருக்கும். அழகாக இருப்பதாலேயே எல்லோரும் அதைத்தான் முதலில் எடுத்து, முந்தானையாலோ துண்டாலோ துடைக்கப் போவார்கள். தயவுசெய்து துடைக்காதீர்கள். அந்தப் பச்சை ஆர்சனிக் என்ற விஷம் கலந்ததாக இருக்கலாம்.

முதலில் நைட்ரில் (செயற்கை ரப்பர்) கையுறை போட்டுக்கொண்டு, புத்தகத்தை வெறும் மேசைமேல் வையுங்கள். மெத்தை, சோபா, பாய் வேண்டாம். அட்டையிலிருந்து உதிரும் தூள் அவற்றில் இறங்கிவிட்டால் எடுக்க முடியாது. அப்புறம் தலைப்புப் பக்கத்தைப் பாருங்கள். 1840களிலிருந்து 1860கள் வரை பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ அச்சானது என்றால் சந்தேகப்பட வேண்டும். அடுத்து நிறம். பாசிப்பச்சை, கரும்பச்சை எல்லாம் பெரும்பாலும் வேறு சாயங்கள். நாம் தேடுவது கிளிப்பச்சையில் கொஞ்சம் நீலம் சேர்ந்தது போன்ற, கண்ணைப் பறிக்கும் பச்சை. வெயிலும் கைப்பட்ட அழுக்கும் சேர்ந்து முதுகுப் பக்கம் பழுப்பாகியிருக்கலாம். அதனால் அட்டை உள்பக்கம் மடிந்து ஒட்டியிருக்கும் ஓரத்தையும் பாருங்கள், அசல் நிறம் அங்கேதான் தங்கியிருக்கும்.

கண்ணால் பார்த்து உறுதி சொல்ல முடியாது. நகைக்கடையில் தங்கத்தின் காரட் பார்க்கும் கருவி இருக்கிறதே, அதே எக்ஸ்ரே முறையில்தான் ஆய்வகத்தில் ஆர்சனிக்கையும் பார்ப்பார்கள். அதுவரை இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு நடப்பது நல்லது.

இந்தப் பச்சை எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்பது புரியும். 1775-இல் ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே, செம்பையும் ஆர்சனிக்கையும் சேர்த்து ஒரு பச்சையைச் செய்தார். 1814-இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் அதைவிடப் பளபளப்பான மரகதப் பச்சை வந்தது. விக்டோரியா காலத்து வீடுகளுக்கு அதன்மேல் தீராத மோகம். சுவர்க்காகிதம், உடுப்பு, தொப்பியில் செருகும் துணிப்பூ, எல்லாவற்றிலும் பூசினார்கள். லண்டனில் செயற்கை இலைகளில் இந்தப் பொடியைத் தூவும் வேலை செய்த மட்டில்டா ஷூரர் 1861 நவம்பரில் இறந்தாள். வயது 19. அவளுடைய கண்ணின் வெள்ளை பச்சையாகியிருந்தது, பார்ப்பதெல்லாம் பச்சையாகத் தெரிகிறது என்று மருத்துவரிடம் சொல்லியிருக்கிறாள். எந்தப் பச்சை அட்டையைக் கையில் எடுத்தாலும் எனக்கு அந்தப் பெண் ஞாபகம்தான். அடுத்த ஆண்டே வேதியியலாளர் ஹோஃப்மன், பெண்கள் தலையில் சூடும் இலைகளைச் சோதித்து, ஒரு தலையலங்காரத்தில் 20 பேரைக் கொல்லும் அளவுக்கு ஆர்சனிக் இருக்கிறது என்று லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் எழுதினார்.

ஆனால் புத்தக அட்டையைப் பற்றி வெகுகாலம் யாரும் யோசிக்கவில்லை. 2019-இல் அமெரிக்காவின் விண்டர்தர் அருங்காட்சியகத்தில் மெலிசா டெடோன், வீட்டு அலங்காரம் பற்றிய 1857-ஆம் ஆண்டு நூல் ஒன்றைப் பழுது பார்த்தபோது பச்சை உதிர்வதைக் கவனித்துச் சோதனைக்கு அனுப்பினார். இப்படிப்பட்ட அட்டைகளில் சதுர சென்டிமீட்டருக்குச் சராசரியாக 1.42 மில்லிகிராம் ஆர்சனிக் என்று அவர்கள் அளந்தார்கள். 200 சதுர சென்டிமீட்டர் உள்ள ஒரு முன் அட்டைக்குக் கணக்குப் போட்டால் 280 மில்லிகிராமுக்கு மேல் வருகிறது. இந்த நிறமி துணியின் நூலுக்குள் சாயமாக ஊறியதல்ல. பசையோடு கலந்து மேலே பூசியது. அதனால்தான் தேய்த்தால் உதிர்கிறது.

தொட்டதும் ஒன்றும் ஆகிவிடாது, பயப்பட வேண்டாம். கையில் ஒட்டியது வாய்க்கும் மூக்குக்கும் போவதுதான் ஆபத்து. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கம் நம் ஊரில் அதிகம், அதை அடியோடு விடுங்கள். பக்கத்தில் காபி டம்ளர் வேண்டாம். பூச்சு பொருக்குத் தட்டியிருந்தால் முகக்கவசமும் போடுங்கள். வேலை முடிந்ததும் மேசையை ஈரக் காகிதத்தால் துடைத்து, அந்தக் காகிதத்தையும் கையுறையையும் ஒரே பையில் கட்டிவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். விளக்குமாறு, ஃபேன் இரண்டும் கூடாது.

புத்தகத்தை ஜிப் வைத்த பாலிதீன் உறையில் தனியாகப் போடுங்கள். ஆனால் நம் ஊர் ஈரத்தில் உறைக்குள் பூஞ்சை பிடிக்கும். நன்றாகக் காய்ந்த நாளில் மூடி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று வைத்து, குழந்தைகளுக்கு எட்டாத தட்டில் வையுங்கள். எரிக்கவே கூடாது, விஷம் புகையில் கலந்து வரும். பழைய பேப்பர்காரரிடமும் போட வேண்டாம், அவர் கையும் கைதானே. படிக்க ஆசையென்றால் அந்தக் காலத்து நூல்கள் பலவும் ஸ்கேன் ஆகி இணையத்தில் கிடைக்கின்றன.

கடைசியாக, உறையின் மேல் பெரிய எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: “பச்சை அட்டையில் ஆர்சனிக் இருக்கலாம். கையுறையோடு மட்டும் தொடவும்.” பிறகு யாருக்காவது கொடுத்தாலும் விற்றாலும் அந்தச் சீட்டோடுதான் கொடுக்க வேண்டும்.