சிங்கப்பூர் – பினாங்கு: டிக்கெட்டில் ஒன்றரை மணி, வாசலுக்கு வாசல் அரை நாள்

ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து முதல் நீண்ட விடுமுறை கிடைத்ததும், "மச்சான் பினாங்கில்தானுங்க இருக்கிறார், ஒன்றரை மணி நேரம், போய்ட்டு வந்துடலாம்" என்று கிளம்புபவர்களுக்காக இது.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 600 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் முக்கால் மணியில் போய்ச் சேர வேண்டுமே, டிக்கெட்டில் ஏன் ஒன்றரை மணி என்று கேட்கலாம். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, மேலேறுவது, வேகத்தைக் குறைத்து இறங்குவது, நிறுத்துமிடம் சேர்வது எல்லாம் அதில் சேர்த்தி. இந்தக் குட்டிப் பயணத்தில் விமானம் முழு வேகத்தில் பறப்பதே கொஞ்ச நேரம்தான்.

நேரக் குழப்பம் கிடையாது. கோவையில் இரவு 11-க்கு ஏறிக் காலை 6-க்குச் சாங்கியில் இறங்கினால் 7 மணி நேரம் போலத் தெரியும். இரண்டரை மணி வித்தியாசத்தைக் கழித்தால் நாலரைதான். சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நேரம் என்பதால் இங்கே கழிக்க ஒன்றுமில்லை.

நேரம் போவதெல்லாம் தரையில்தான். சிங்கப்பூரின் மேற்கே ஜூரோங் பக்கம் தங்கியிருப்பவர் காலை 7 மணி விமானத்துக்கு எம்ஆர்டி எனும் மெட்ரோ ரயிலை நம்ப வேண்டாம். முதல் ரயிலைப் பிடித்து, தானா மேராவில் மாறிச் சாங்கி போவதற்குள் கவுண்டரை மூடியிருப்பார்கள். டாக்சிதான் வழி. அந்தக் காசையும் கூட்டிப் பாருங்கள், மலிவு டிக்கெட் அவ்வளவு மலிவாக இருக்காது. என்னைக் கேட்டால் 10 மணிக்கு மேல் கிளம்பும் விமானமே மேல். எந்த முனையம் என்பதையும் முதல் நாளே பாருங்கள். நான்காம் முனையத்துக்கு, முனையங்களுக்கிடையே ஓடும் ஸ்கைட்ரெயின் கிடையாது, பஸ் பிடிக்க வேண்டும்.

அப்புறம் படிவம். மலேசியாவுக்கு டிஜிட்டல் வருகை அட்டை, திரும்பும்போது சிங்கப்பூர் வருகை அட்டை. இரண்டையும் போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இரண்டும் இலவசம். காசு கேட்கும் தளம் அரசுத் தளம் இல்லை. இந்தியர்களுக்கு 2023 டிசம்பரில் தொடங்கிய 30 நாள் விசா விலக்கு நடப்பில் இருக்கிறதா என்று டிக்கெட் போடும் முன்பே பார்த்துவிடுங்கள். மச்சானுக்குக் காங்கேயத்துத் தேங்காயெண்ணெய் கொண்டு போகிறீர்களா? 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலைக் கைப்பையில் விடமாட்டார்கள். பெட்டிக்குத் தனிக் காசு கட்டுங்கள்.

இறங்கியபின் பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுன் சுமார் 16 கிலோமீட்டர். மச்சான் வீடு தீவுக்கு எதிர்க்கரையில் பட்டர்வொர்த் பக்கமென்றால் பாலம் தாண்ட வேண்டும். மாலையில் அங்கே நெரிசல்.

எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இரவு பஸ் பத்து மணி நேரம் ஆகும்; இரண்டு குடிநுழைவுச் சோதனைகளுக்கும் இறங்கி ஏற வேண்டும். குழந்தை குட்டியோடு போனால் விமானமே சரி.

தைப்பூசத்துக்குப் போக நினைப்பவர்கள் சில மாதம் முன்பே டிக்கெட் போடுங்கள். பினாங்கின் தண்ணீர்மலைக் கோவில் முருகனைப் பார்க்க வரும் கூட்டத்தில் கட்டணம் எகிறிவிடும். பினாங்கில் அன்று பொது விடுமுறை, சிங்கப்பூரில் இல்லை; லீவையும் சேர்த்தே சொல்லி வையுங்கள்.