கெஸ்ட் விட்ட நினைவகம் ஹோஸ்ட்டுக்குத் திரும்புமா? கேவிஎம்மில் செய்து பார்ப்போம்

கேவிஎம் (லினக்ஸில் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் வசதி) ஓடும் ஒரு லினக்ஸ் கணினி, அதுதான் ஹோஸ்ட். அதில் 4 ஜிபி நினைவகம் கொடுத்த ஒரு லினக்ஸ் கெஸ்ட், அதாவது மெய்நிகர் கணினி. இது போதும். சோதனைக்கென்றே வைத்திருக்கும் கெஸ்ட்டாக இருக்கட்டும்.

படி 1: இரண்டு பக்கமும் பாருங்கள்

கெஸ்ட்டுக்குள், நினைவக அளவைக் காட்டும் ‘ஃப்ரீ’ கட்டளையை ஓட்டுங்கள். ஹோஸ்ட்டில், கெஸ்ட்களை நிர்வகிக்கும் ‘விர்ஷ்’ கருவியின் ‘டாம்மெம்ஸ்டாட்’. அதில் ‘ஆர்எஸ்எஸ்’ வரியைக் கவனியுங்கள்: இந்த கெஸ்ட்டுக்காக ஹோஸ்ட் நிஜமாகவே கொடுத்திருக்கும் அளவு, கிலோபைட்டில். கெஸ்ட் இப்போதுதான் எழுந்தது என்றால் அது 4 ஜிபிக்கு வெகு கீழே இருக்கும். கெஸ்ட் தொட்ட பக்கங்களுக்கு (நினைவகத்தைப் பிரித்திருக்கும் சிறு துண்டுகள்) மட்டுமே இடம் ஒதுக்கப்படுகிறது.

சரி, கெஸ்ட்டில் 2 ஜிபி கோப்பு ஒன்றை முழுக்கப் படிக்க வையுங்கள். கேஷ் (படித்த கோப்புகளை நினைவகத்தில் வைத்திருக்கும் இடம்) நிரம்பும், ஆர்எஸ்எஸ் ஏறும். அப்புறம் கெஸ்ட்டின் ‘ட்ராப் கேஷஸ்’ கோப்பில் 3 என்று எழுதி கேஷைக் காலி செய்யுங்கள். கெஸ்ட்டில் காலியிடம் கூடிவிட்டது. ஹோஸ்ட்டில்? ஆர்எஸ்எஸ் பெரும்பாலும் ஏறிய இடத்திலேயே நிற்கும்.

கெஸ்ட் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒரு பக்கத்தை விடுவிப்பது என்றால் தன் காலிப் பட்டியலில் குறித்துக்கொள்வதுதான். அந்தப் பட்டியல் ஹோஸ்ட்டுக்குத் தெரியாது. இடநெருக்கடி வந்தால் ஹோஸ்ட் எதைத் தூக்கி ஸ்வாப்பில் (நினைவகம் போதாதபோது பயன்படும் வட்டு இடம்) போடுவது என்று ஊகிக்கத்தான் வேண்டும். அதே பக்கத்தை கெஸ்ட்டும் தன் ஸ்வாப்புக்கு அனுப்ப நினைத்தால் கூத்துதான்: முதலில் ஹோஸ்ட்டின் வட்டிலிருந்து எடுத்து வரவேண்டும், உடனே கெஸ்ட்டின் வட்டில் எழுதவேண்டும். அதனால்தான் ஹோஸ்ட் ஸ்வாப்பை நான் கடைசி வழியாக மட்டும் வைத்திருக்கிறேன்.

படி 2: பலூனை ஊதுங்கள்

‘விர்ஷ் செட்மெம்’ மூலம் கெஸ்ட்டை 2 ஜிபிக்கு இறக்குங்கள். கெஸ்ட்டுக்குள் இருக்கும் பலூன் டிரைவர் தன் கெர்னலிடமே பக்கங்களைக் கேட்டு வாங்கி ஹோஸ்ட்டிடம் ஒப்படைக்கும். எதை விடுவது என்று முடிவெடுப்பது கெஸ்ட், அதுதான் இதன் அழகு. ஃப்ரீயில் மொத்த அளவே குறைந்திருக்கும், ஆர்எஸ்எஸ்ஸும் இறங்கும். அளவுக்கு மீறி ஊதினால் கெஸ்ட்டின் ஓஓஎம் கில்லர் (நினைவகம் தீர்ந்தால் நிரல்களைக் கொல்லும் கெர்னல் பகுதி) கிளம்பிவிடும். எவ்வளவு ஊதுவது என்று தானாகத் தீர்மானிக்கவும் இதற்குத் தெரியாது.

லினக்ஸ் 5.7இல் (2020) வந்த ‘ஃப்ரீ பேஜ் ரிப்போர்ட்டிங்’ இன்னும் எளிது: காலியான பக்கங்களை கெஸ்ட்டே ஹோஸ்ட்டுக்குச் சொல்லிவிடும். பலூன் அமைப்பில் அதை இயக்கிவிட்டு முதல் படியைத் திரும்பச் செய்யுங்கள். இம்முறை ஆர்எஸ்எஸ் தானே இறங்கும்.

படி 3: பெரிய பக்கங்கள்

டிஎல்பியில் (அண்மையில் தேடிய முகவரிகளை சிபியு வைத்திருக்கும் இடம்) முகவரி கிடைக்காவிட்டால், நான்கு அடுக்குப் பக்க அட்டவணையில் (எந்தப் பக்கம் நினைவகத்தில் எங்கே என்று சொல்லும் அட்டவணை) சாதாரணக் கணினி 4 முறை நினைவகத்தைத் தொடும். மெய்நிகராக்கத்தில் கெஸ்ட் அட்டவணையின் ஒவ்வொரு அடுக்கையும் ஹோஸ்ட் அட்டவணை வழியாகத் தேடவேண்டியிருப்பதால் இது 24 வரை போகும். 4 கேபிக்குப் பதில் 2 எம்பி பக்கங்கள் வைத்தால் தேடலும் குறையும், டிஎல்பியும் அதிகம் தாங்கும். ஆனால் முன்கூட்டியே ஒதுக்கிவைத்த பெரிய பக்கங்களில் ஓடும் கெஸ்ட்டிடம் பலூன் பலிப்பது அரிது. வேகமா, திரும்பப் பெறும் வசதியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

படி 4: கேஎஸ்எம்

ஒரே இயங்குதளம் ஓடும் பல கெஸ்ட்கள் இருந்தால் மட்டும் இதைத் தொடுங்கள். ஹோஸ்ட்டில் கேஎஸ்எம்மின் ‘ரன்’ கோப்பில் 1 எழுதினால், உள்ளடக்கம் ஒன்றாக இருக்கும் பக்கங்களைத் தேடி ஒரே பிரதியாக்கும். ‘பேஜஸ் ஷேரிங்’ எண்ணை 4 கேபியால் பெருக்கினால் மிச்சம் தெரியும். தேடுவதற்கு சிபியு செலவாகும், பெரிய பக்கங்களும் உடையும். பகிர்ந்த பக்கத்தில் எழுதும்போது தனிப் பிரதி எடுப்பதால் ஏற்படும் தாமதத்தை அளந்து பக்கத்து கெஸ்ட்டில் என்ன இருக்கிறது என்று வேவு பார்க்கவும் முடியும். ஒருவரையொருவர் நம்பாதவர்களின் கெஸ்ட்கள் ஓடும் கணினியில் நான் இதை இயக்கவே மாட்டேன்.

நிறுத்தும்போது ஒரு கவனம். 0 எழுதினால் தேடல் மட்டும் நிற்கும், இணைந்தவை இணைந்தபடியே இருக்கும். 2 எழுதினால் எல்லாம் பிரியும். மிச்சப்படுத்திய அத்தனையும் ஒரேயடியாகத் திரும்பத் தேவைப்படும் என்பதால், ஹோஸ்ட்டில் அவ்வளவு காலியிடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.