பள்ளிக்கூட வாசலைக் கடப்பது எப்படி? புதிதாகக் கார் ஓட்டுபவர்களுக்கு

லைசென்ஸ் வாங்கிய முதல் சில வாரங்களுக்குக் காலை 8 முதல் 9.30 வரையும், மாலை 3.30 முதல் 5 வரையும் பள்ளிக்கூடச் சாலைகளைத் தவிர்த்துச் சுற்றிப் போவதே நல்லது. வேறு வழி இல்லையென்றால் இப்படிச் செய்யுங்கள்.

1. வாசலுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள்

சிவப்பு ஓரமிட்ட முக்கோணப் பலகையில் பிள்ளைகள் படம் தெரிந்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். இரண்டாம் கியருக்கு மாறி, வாசல் வருவதற்குள் 20 கி.மீ. வேகத்துக்கு வந்துவிட வேண்டும். வலது கால் பிரேக் மேலேயே இருக்கட்டும்.

40 கி.மீ. வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 11 மீட்டர் ஓடும். பிள்ளையைக் கண்டு நீங்கள் பிரேக்கை மிதிக்கவே ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். அதன்பின் காய்ந்த சாலையில் கார் நிற்க இன்னும் 9 மீட்டர். ஆக மொத்தம் 20 மீட்டர். 20 கி.மீ. வேகத்தில் இதே கணக்கு 8 மீட்டரில் முடிந்துவிடும். மழை ஈரமோ மணலோ இருந்தால் இரண்டுமே கூடும்.

வேகத்தடை வரைக்கும் விரட்டி, அங்கே பிரேக் அடித்து, தாண்டியதும் மறுபடி விரட்டுவது நம் ஊர் வழக்கம். பழகாதீர்கள்.

2. ஹாரனைத் தொடாதீர்கள்

பள்ளியைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். அங்கே ஹாரன் அடித்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி முதல் முறை 1,000 ரூபாய் அபராதம். அது கிடக்கட்டும். ஹாரன் கேட்டு மிரளும் பிள்ளை முன்னால் ஓடுமா, பின்னால் ஓடுமா என்று உங்களால் சொல்ல முடியாது.

3. நிற்கும் ஸ்கூல் பஸ்: இங்கேதான் நிதானம் வேண்டும்

பஸ்ஸின் கதவு இடப்பக்கம். வீடு எதிர்ப்பக்கம் இருந்தால், இறங்கிய பிள்ளை பஸ்ஸைச் சுற்றிக்கொண்டுதான் சாலையைக் கடக்கும். பஸ்ஸின் பின்னாலிருந்து முந்துகிறீர்கள் என்றால் அதன் மூக்குப் பக்கத்திலிருந்து பிள்ளை வரலாம். எதிரே வருகிறீர்கள் என்றால் வால் பக்கத்திலிருந்து வரலாம். எப்படியானாலும் கடைசி நொடி வரை கண்ணில் படாது.

அமெரிக்காவில் ஸ்கூல் பஸ் சிவப்பு விளக்கைச் சிமிட்டினால் பின்னால் வரும் வண்டிகள் நின்றே ஆக வேண்டும். இங்கே நீங்கள் நின்றால் பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும். ஒரு கார் நீளமாவது இடைவெளி விட்டு நின்று, பஸ் கிளம்பும்வரை பொறுங்கள்.

பஸ் கிளம்புவதாகத் தெரியவில்லையா? முதல் கியரில், நடை வேகத்தில், பக்கவாட்டில் ஒரு மீட்டருக்கு மேல் இடம் விட்டுக் கடக்கலாம். அதற்கு முன் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, பஸ்ஸின் அடிப்பக்கம்: சக்கரங்களுக்கு இடையே சின்னக் கால்கள் தெரியும். மற்றொன்று, எதிர்ப்பக்கம் காத்திருக்கும் அப்பாவோ பாட்டியோ: அவர்கள் கண் போகும் இடத்தில்தான் பிள்ளை இருக்கும். ஒரு பிள்ளை கடந்துவிட்டது என்று உடனே நகராதீர்கள். தம்பியோ தங்கையோ பின்னாலேயே ஓடி வரும்.

வேனுக்கும் ஆட்டோவுக்கும் இதே விதிதான். ஆட்டோவில் புத்தகப் பை வெளியே தொங்கும் என்பதால் இன்னும் கொஞ்சம் விலகிப் போங்கள்.

4. சைக்கிள் பிள்ளைகள்

பேசிக்கொண்டே இரண்டு மூன்று பேராக வருவார்கள். திரும்பிப் பார்க்கும்போது சைக்கிள் வலப்பக்கம் இழுக்கும். ஒன்றரை மீட்டர் இடம் இல்லாவிட்டால் முந்தாமல் பின்னாலேயே உருட்டுங்கள்.

5. உங்கள் பிள்ளையை இறக்கிவிடும்போது

வாசலுக்கு நேராக நிறுத்தாமல் கொஞ்சம் தள்ளி, இடது ஓரமாக நிறுத்துங்கள். பிள்ளை இடப்பக்கக் கதவு வழியாகவே இறங்கட்டும். நீங்களும் இறங்க வேண்டுமானால் உங்கள் கதவை இடது கையால் திறங்கள். உடம்பு தானாகத் திரும்பி, பின்னால் வரும் வண்டி கண்ணில் படும். பள்ளி வாசலில் ரிவர்ஸ் எடுக்கவே கூடாது. பின்கண்ணாடிக்குக் கீழே நிற்கும் யூகேஜி பிள்ளை எந்த மிர்ரரிலும் தெரியாது. தெருவைச் சுற்றிக்கொண்டு வாருங்கள்.

ஸ்கூட்டரில் கொண்டுவிடுபவர்கள் நின்றதும் முதலில் இன்ஜினை அணையுங்கள். முன்னால் நிற்கும் பிள்ளை இறங்கும்போது ஆக்சிலரேட்டரைப் பிடித்து முறுக்கினால், வண்டி பிள்ளையோடு சேர்ந்து பாயும்.